பெயரில்லாத சுரப்பி

ஒரு ஆட்டுத் தலையில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1660ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம், ஆம்ஸ்டர்டாம். டென்மார்க்கிலிருந்து மருத்துவம் படிக்க வந்து சில வாரங்களே ஆகியிருந்த 22 வயது இளைஞன் ஒருவன் ஆட்டுத் தலை ஒன்றை வாங்கி வந்து, தன் அறையில் தனியாக உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். லத்தீனில் நிக்கோலஸ் ஸ்டெனோ. கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரின் மகன். அவன் பார்க்க நினைத்தது மூளையை. அதற்கு முன்னால் வாய்ப்பக்கத்துக் குழாய்களையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டான். கம்பி எதிலோ நுழைந்தது, தாராளமாக நகர்ந்தது, பிறகு டிக்கென்று பல்லில் போய் இடித்தது.

கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்கு எச்சிலைக் கொண்டுவரும் குழாய் அது. ஆயிரக்கணக்கான தலைகளை அறுத்துப் பார்த்தவர்கள் யாருமே அதை இப்படி எழுதி வைத்திருக்கவில்லை. இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அது ஸ்டென்சன் நாளம்தான்.

அவன் ஓடிப்போய்த் தன் ஆசிரியரிடம் காட்டினான். ஆசிரியர் பெயர் பிளாசியஸ். அவர் வீட்டில்தான் தங்கியும் இருந்தான். அவரோ, நீ கம்பியை அழுத்திக் குத்தியதில் விழுந்த ஓட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் அந்த ஒரு ஆட்டுக்கு மட்டும் இயற்கை செய்த விளையாட்டாக இருக்கும் என்றார். சரி, போகட்டும். ஆனால் கொஞ்ச நாள் கழித்து, அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்றும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஸ்டெனோ லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். சண்டை கடிதங்களிலும் புத்தகங்களிலும் தொடர்ந்தது. இந்தச் சண்டையில் அறிவியலுக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. தன் கண்ணும் கையும் பொய் சொல்லவில்லை என்று காட்ட அவன் தலையில் இருக்கிற ஒவ்வொரு சுரப்பியையும் வரிசையாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான். வாய், மூக்கு, பிறகு கண்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவதைப் பற்றியது. கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பற்றியது.

*

இப்போது கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து என்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்படி இல்லை. அன்று படித்தவர்களிடையே வலுவாக இருந்த பதில், மூளையிலிருந்து என்பது.

முட்டாள்தனம் என்று சிரிக்க முடியாது. ஹிப்போக்ரட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் சுரப்பிகளுக்கென்றே ஒரு சிறு நூல் உண்டு. அது மூளையையே ஒரு பெரிய சுரப்பி போலப் பேசுகிறது. ஈரமான, குளிர்ந்த, வெண்மையான உறுப்பு. அதிகப்படியான நீர் அங்கிருந்து மூக்கு, கண், காது என்று கிடைத்த வழியில் இறங்கும். சளி பிடித்த எவருக்கும் இது நம்பும்படியாகத்தான் இருக்கும். தலை கனக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது, ஒழுகி முடிந்ததும் தலை லேசாகிறது. துக்கத்திலும் இதே வரிசைதான். நம்மூரில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள் என்று சொல்வதில்லையா? மூக்கும் கண்ணும் சேர்ந்தே ஒழுகினால், இரண்டுக்கும் மேலே ஒரு தொட்டி இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் இதைவிடக் கூர்மையாகப் பார்த்திருந்தார். கண்ணருகே சுரப்பிகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவை இமை வழுக்கிக்கொண்டு அசைவதற்கான ஈரத்தைத் தருகின்றன என்று எழுதினார். மூக்கோரத்து இமை விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளும், அவற்றுக்கு மூக்கோடு தொடர்பு இருப்பதும்கூட அவருக்குத் தெரியும். ஆனால் பின்னால் வந்தவர்கள் இந்தச் சித்திரத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்றாட ஈரத்துக்குச் சுரப்பி. அழுகைக்கு மட்டும் மூளை. துக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம், அதன் நீர் ஒரு சின்னச் சதைத்துண்டிலிருந்து வருமா என்கிற எண்ணம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

1649இல் டேக்கார்ட் மனித உணர்ச்சிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் வேறொரு விளக்கம் தந்தார். உடம்பிலிருந்து எப்போதும் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கிறது, கண்களில் அது அதிகம், துக்கத்தில் அந்த ஆவியின் வேகம் குறைந்து நீராகக் குளிர்ந்துவிடுகிறது, அதுதான் கண்ணீர் என்றார். மழை உருவாவதுபோல. அழகான விளக்கம். அறுத்துப் பார்க்காமல் யோசித்தே அடையக்கூடிய விளக்கமும்கூட.

அதே காலத்தில் இந்தக் கட்டடத்தின் அடித்தளம் வேறொரு பக்கத்தில் ஆட்டம் கண்டது. விட்டன்பர்க் பேராசிரியர் கான்ராட் விக்டர் ஷ்னைடர் 1660இல் வெளிவரத் தொடங்கிய தன் பெரும் நூலில், சளி மூளையிலிருந்து இறங்குவதில்லை, மூக்கின் உள்சவ்வே அதைச் சுரக்கிறது என்று வாதிட்டார். மேலே இருப்பதாக நினைத்த தொட்டி அங்கே இல்லை. அப்படியானால் கண்ணீர்?

*

லெய்டனில் ஸ்டெனோவின் கத்தி இதற்குத்தான் வந்தது. கண்ணுக்கு மேலே, வெளிப்பக்க ஓரத்தில், நெற்றி எலும்பின் ஒரு குழிவில் பாதாம் பருப்பு அளவில் ஒரு சுரப்பி ஒளிந்திருக்கிறது. அன்றைய உடற்கூற்றியலில் அதற்கு ‘பெயரில்லாத சுரப்பி’ என்றே பெயர். கண்ணீர்ச் சுரப்பி என்ற கௌரவம் மூக்கோர மூலையில் இருக்கும் சதைக்குப் போயிருந்தது. அழும்போது நீர் தேங்கி நிற்பது அங்கேதானே? நீர் தெரிகிற இடத்தையே ஊற்று என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. எரர் எந்தத் திரையில் தெரிகிறதோ அந்தத் திரையை எழுதியவன்தான் முதலில் திட்டு வாங்குவான்.

ஸ்டெனோ அந்தப் பெயரில்லாத சுரப்பியிலிருந்து மெல்லிய குழாய்கள் பல புறப்பட்டு மேல் இமையின் உள்பக்கத்தில் திறப்பதைக் கண்டான். 1662இல், வாய், கண், மூக்கு ஆகியவற்றின் நாளங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் அதை வெளியிட்டான். அவன் சொன்னதன் சாரம் இது: இந்த நீர் மூளையிலிருந்து வருவதில்லை. ரத்தம் சுரப்பிக்குள் வருகிறது, சுரப்பி அதிலிருந்து நீரைப் பிரிக்கிறது. அது இமைக்கும் விழிக்கும் நடுவே பரவி அசைவை எளிதாக்குகிறது. பிறகு மூக்கோரத்துத் துளைகள் வழியாக மூக்குக்குள் இறங்கிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி வரும்போது அது கன்னத்தில் வழிகிறது. அதைத்தான் அழுகை என்கிறோம்.

கடைசி வரிதான் முக்கியம். அழுகைக்கென்று தனி நீர் கிடையாது. இமை அசைய உதவும் அதே நீர்தான், அதே சுரப்பியிலிருந்து, அதே குழாய்கள் வழியாக வருகிறது. வித்தியாசம் அளவில் மட்டும். அழுகையை விளக்க வேண்டுமென்றால், நாம் அழாமல் இருக்கும்போது அந்த நீர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

ஒரு தற்செயல்: டேக்கார்ட் இறந்து 12 வருஷம் கழித்து, மனித உடலை ஒரு இயந்திரமாக விளக்கும் அவருடைய நூல் முதன்முதலாக அச்சில் வந்ததும் அதே 1662இல், அதே லெய்டனில்தான். ஸ்டெனோவுக்கு டேக்கார்ட்டின் முறை மேல் மரியாதை உண்டு. ஆனால் 1665இல் பாரிசில் மூளையைப் பற்றிப் பேச அழைத்தபோது, டேக்கார்ட் விவரித்த இயந்திரம் கத்திக்கு அடியில் காணக்கிடைக்கவில்லை என்பதைப் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொன்னார். 

*

சுரப்பி ஊற்று என்றால், முழு ஏற்பாடும் எப்படி இயங்குகிறது? ஸ்டெனோவுக்குப் பின் வந்த 300 வருஷங்கள் இந்தப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பின.

முதன்மைச் சுரப்பி இரண்டு மடல்கள் கொண்டது. மேல் இமையைத் தூக்கும் தசையின் தட்டையான நாண் அதை ஊடே வெட்டிக்கொண்டு போகிறது. 10, 12 குழாய்கள் மேல் இமையின் உள்மடிப்பில் திறக்கின்றன. இதுபோக இமைகளின் உள்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டித் துணைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஸ்டெனோவின் புத்தகம் வந்து நாலே வருஷத்தில், 1666இல், ஹைன்ரிஹ் மைபோம் என்ற ஜெர்மானியர் இமை விளிம்பில் வரிசையாகத் திறக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. கண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். மேலே ஒரு எண்ணெய்ப் படலம் அதைத் தடுக்கிறது. அடியில் விழிப்பரப்போடு ஒட்டிக்கொள்ள ஒரு கோழைப் படலம் வேண்டும், அதை வேறு செல்கள் தருகின்றன. எண்ணெய், நீர், கோழை என்ற இந்த மூன்றடுக்குச் சித்திரத்தை 1946இல் யூஜின் வுல்ஃப் பிரபலமாக்கினார். இப்போது நீரும் கோழையும் தனித்தனி அடுக்காக இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மொத்தத் தடிமனே சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடி.

அளவைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒரு கண்ணில் நிமிடத்துக்குச் சுமார் 1.2 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. 16 மணி நேரம் விழித்திருந்தால் கணக்குப்படி ஒரு மில்லிலிட்டரைக் கொஞ்சம் தாண்டும். தேக்கரண்டியில் கால் பங்குகூட இல்லை. கண்ணில் எந்நேரமும் நிற்பது அதிகம் போனால் 7, 8 மைக்ரோலிட்டர். கண் மருந்தின் ஒரு சொட்டே இதைப்போல் நாலைந்து மடங்கு. அதனால்தான் மருந்து விட்டதும் பாதி வெளியே வழிகிறது, மீதி கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறது. அந்தக் கசப்புதான் வடிகாலுக்கு ஆதாரம். இமைகளின் மூக்கோர முனையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துளைகள். அங்கிருந்து நுண்குழாய்கள், பிறகு ஒரு கண்ணீர்ப் பை, பிறகு மூக்கின் அடிப்பகுதியில் திறக்கும் நாளம். கண்ணாடியில் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் அந்தத் துளை ஊசி முனை அளவில் தெரியும்.

விநியோகம் செய்வது இமை. கண் சிமிட்டும்போது இமைகள் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரமாக, ஜிப் போடுவதுபோல மூடுகின்றன. நீர் வடிகால் பக்கம் தள்ளப்படுகிறது, திறக்கும்போது புதிய படலம் விரிகிறது. அந்தப் படலம் மூடியிருக்கும் கார்னியாவில் ரத்தக் குழாய்களே கிடையாது. இருந்தால் பார்வை மறைக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்துதான் வருகிறது. இன்னொன்று: வெளியிலிருந்து வரும் ஒளி முதன்முதலாக வளைவது காற்றும் கண்ணீரும் சந்திக்கும் அந்தப் பரப்பில். லென்ஸுக்குப் போவதற்கு முன்பே பெரும்பகுதி குவியும் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. நாம் எல்லாவற்றையும், எப்போதும், கண்ணீர் வழியாகத்தான் பார்க்கிறோம். இது கவிதை இல்லை, ஒளியியல்.

*

ஊற்று ஒன்று, வடிகால் ஒன்று என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், சில பழைய கண்ணீர்க் கதைகளை வேறு மாதிரி வாசிக்கலாம்.

1872இல் வெளிவந்த, மனிதரிலும் விலங்கிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய புத்தகத்தில் டார்வின் அழுகைக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். தன் சொந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் கவனித்தார். 77 நாள் ஆன குழந்தையின் ஒரு கண்ணில் தற்செயலாக அவர் கோட்டின் கைமுனை பட்டுவிட்டது. அந்தக் கண்ணில் மட்டும் நீர் கொட்டியது. குழந்தை வீறிட்டு அழுதும் மற்றக் கண் காய்ந்தே இருந்தது. அழும்போது கண்ணீர் கன்னத்தில் வழிய அந்தக் குழந்தைக்கு 139 நாள் ஆனது. ஆக, உறுத்தலுக்கு வரும் நீர் முதலில், துக்கத்துக்கு வரும் நீர் பிறகு. சுரப்பி ஒன்றுதான், ஆனால் அதற்கு உத்தரவு போடும் வழிகள் வெவ்வேறு வயதில் திறக்கின்றன.

அதே அத்தியாயத்தில் இலங்கை யானைகள் வருகின்றன. அங்கே பிரிட்டிஷ் அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னென்ட், பிடித்துக் கட்டிப்போட்ட காட்டு யானைகள் அசையாமல் கிடந்து கண்ணீர் வடித்ததை எழுதியிருந்தார். டார்வின் அதை எடுத்துக்கொண்டார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் யானையைப் பிளிற வைத்து, அப்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்குகின்றனவா என்றுகூடச் சோதித்தார். அழும்போது அந்தத் தசைகள் கண்ணை இறுக்குவதுதான் சுரப்பியைத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து.

யானையின் உடற்கூற்றில் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு நம்மைப் போன்ற கண்ணீர்ச் சுரப்பி கிடையாது, வேறு சுரப்பிதான் விழியை நனைக்கிறது. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் வடிகாலும் கிடையாது. எனவே சுரக்கும் நீர் ஆவியாக வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் வழிய வேண்டும். கோயில் யானையின் கண்ணுக்குக் கீழே ஈரமாக ஒரு கோடு இறங்குவதைப் பலரும் பார்த்திருப்போம். (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வழியும் மதநீர் வேறு.) அந்தக் கோடு சந்தோஷமான யானைக்கும் இருக்கும்.

இதை வைத்து யானைக்குத் துக்கமே இல்லை என்று முடிவு கட்டினால் அது இன்னொரு அவசரம். கட்டிப்போட்ட அந்த யானைகள் வேதனைப்பட்டிருக்கும், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கண்ணீர் அதற்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான். துக்கத்தை நம்புவதற்கு நமக்குக் கண்ணீர் தேவைப்படுகிறது என்பது நம்முடைய பழக்கம்.

*

அந்த நீர் சும்மா இருக்கும்போது செய்யும் இன்னொரு வேலை 1921 நவம்பரில் லண்டனில் தெரிய வந்தது. ஜலதோஷம் பிடித்திருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் மூக்குச் சளியைக் கிருமிகள் வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தில் கிருமிகள் கரைந்துபோயின. கண்ணீரில் அதே சக்தி இன்னும் அதிகமாக இருப்பதைப் பார்த்ததும் ஆய்வகத்துக்குக் கண்ணீர் தேவைப்பட்டது. எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் பிழிந்துதான் சேகரித்தார்கள். உடன் வேலை பார்த்தவர்களும் தப்பவில்லை. கலங்கலாக இருந்த கிருமிக் கரைசலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்துவிடும்.

1922இல் அவர் வெளியிட்ட அந்தப் பொருளின் பெயர் லைசோசைம். கிருமியின் வெளிச்சுவரை உடைக்கும் என்சைம். பெனிசிலின் வருவதற்கு ஆறு வருஷம் முன்னால். ஆனால் ஒரு ஏமாற்றம்: மனிதனுக்குப் பெரிய நோய்களைத் தரும் கிருமிகளில் பல இதற்கு அசையவில்லை. யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். கண்ணீருக்கும் எச்சிலுக்கும் தப்பத் தெரிந்த கிருமிதானே நமக்குள் நுழைந்து நோய் தர முடியும்? மருந்தாக அது பெரிதாக உதவவில்லை. ஆனால் 1965இல் டேவிட் ஃபிலிப்ஸின் குழு லண்டனில் கோழி முட்டையின் லைசோசைமை எக்ஸ்-ரே கொண்டு ஆராய்ந்து அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. ஒரு என்சைமின் வடிவம் முழுதாகத் தெரிந்தது அதுதான் முதல்முறை.

*

இதுவரை சொன்னது வேலை செய்யும் சுரப்பியின் கதை. இனி நின்றுபோன சுரப்பியின் கதை.

1903இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் மிக எளிய சோதனை ஒன்றைச் சொன்னார். 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வடிதாள். ஒரு முனையை மடித்துக் கீழ் இமைக்குள் சொருக வேண்டும். 5 நிமிடத்தில் ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சரி. 5க்குக் கீழே என்றால் சுரப்பியில் ஏதோ கோளாறு. 120 வருஷம் ஆகியும் இந்தச் சோதனை புழக்கத்தில் இருக்கிறது.

1930ஐ ஒட்டிய வருஷங்களில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஹென்ரிக் ஷோக்ரன் என்ற இளம் கண் மருத்துவரிடம் சில பெண்கள் ஒரே மாதிரிக் குறைகளோடு வந்தார்கள். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, வாய் காய்கிறது, மூட்டு வலிக்கிறது. கண்ணுக்கு ஒரு மருத்துவர், வாய்க்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று போனால் மூன்றும் மூன்று சில்லறை வியாதி. ஷோக்ரன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். 19 பெண்களின் நிலையை ஆராய்ந்து 1933இல் முனைவர் பட்ட ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதம் இருந்தது. உடம்பு முழுவதையும் பிடித்த ஒரே நோயின் முகங்கள் இவை என்பது அவர் வாதம்.

தேர்வாளர்கள் அசரவில்லை. பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குத் தகுதியான மதிப்பெண் அதற்குக் கிடைக்கவில்லை. அவர் ஒரு சிறிய நகரத்து மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்விட்டார். 1943இல் ஆஸ்திரேலிய மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அந்த ஆய்வேட்டை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகே உலகம் கவனித்தது. உடம்பின் நோயெதிர்ப்புச் செல்கள் கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்கி அழிக்கும் நோய் அது என்று இன்று தெரியும். பாதிக்கப்படும் 10 பேரில் 9 பேர் பெண்கள். முழுக் குணம் இல்லை. செயற்கைக் கண்ணீர் விடலாம். வடிகால் துளைகளைச் சின்ன அடைப்பான் வைத்து மூடி, இருக்கிற நீரைத் தேக்கலாம். வரத்து குறைந்தால் மதகை அடைக்கும் அதே விவசாய புத்தி.

‘அழுது அழுது கண்ணீரே வத்திப்போச்சு’ என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். இந்தப் பெண்களில் பலருக்கு அது அப்படியே நடந்தது. பெற்றவர் இறந்தாலும் கண்ணில் நீர் வராது. சாவு வீட்டில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை ஊர் என்ன சொல்லும்? கல்நெஞ்சக்காரி என்று சொல்லும். அவள் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. நெற்றி எலும்புக்கு அடியில் பாதாம் அளவுச் சதை ஒன்று எரிந்துபோயிருக்கிறது. கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதில் ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாக மாறும் இடம் இது. இதயத்திலிருந்து வருகிறது என்று நம்புகிறவர் ஒரு தீர்ப்புச் சொல்வார். ஸ்டெனோவைப் படித்தவர் கொஞ்சம் பொறுப்பார்.

இதன் மறுபக்கமும் உண்டு. சுரப்பிக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பிழைகள் ஏழாம் கபால நரம்போடு, அதாவது முக நரம்போடு, கிளம்புகின்றன. எச்சில் சுரப்பிக்கான இழைகளும் அதில்தான் போகின்றன. முகவாதம் வந்து நரம்பு மறுபடி வளரும்போது சிலருக்கு இழைகள் தடம் மாறிவிடும். வாய்க்குப் போக வேண்டிய உத்தரவு கண்ணுக்குப் போகும். சோறு பிசைந்து வாயில் வைத்ததும் அந்தப் பக்கத்துக் கண்ணில் நீர் கொட்டும். 1920களில் ரஷ்ய நரம்பியல் மருத்துவர் போகோராட் இதற்கு வைத்த பெயர் முதலைக் கண்ணீர். தின்றுகொண்டே அழும் முதலையின் பழங்கதையிலிருந்து எடுத்த பெயர். நம் பேச்சில் முதலைக் கண்ணீர் என்றால் பாசாங்கு. அந்த நோயாளியிடம் பாசாங்கும் இல்லை, துக்கமும் இல்லை. வயர் மாற்றி இணைத்த கதைதான்.

*

இந்தச் சரித்திரத்தில் என் போன்றவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. 1993இல் ஜப்பானிய கண் மருத்துவர்கள் சுபோட்டாவும் நகமோரியும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை சிமிட்டுகிறவர்கள், புத்தகம் வாசிக்கும்போது 10 முறை, கணினித் திரை முன்னால் 7 முறை மட்டுமே சிமிட்டினார்கள். சுரப்பி தன் வேலையைச் செய்தாலும், படலத்தை விரிக்க இமை வராவிட்டால் அது அங்கங்கே கிழிந்து காய்கிறது. காய்ந்த இடம் உறுத்துகிறது. உறுத்தலைக் கேட்டு சுரப்பி அவசரமாக நீரை அனுப்புகிறது. அதனால்தான் கண் வறட்சி என்று மருத்துவரிடம் போகிற பலர் ‘சார், கண்ணுல தண்ணி தண்ணியா வருது’ என்றே சொல்கிறார்கள். எனக்கும் அந்தக் காகிதத்தை வைத்துப் பார்த்தார்கள். 9 மில்லிமீட்டர் ஏறியது. ‘சுரப்பி பரவாயில்ல, நீங்கதான் கண்ணச் சிமிட்டறதே இல்ல’ என்றார் மருத்துவர்.

ஐந்து நிமிடம் அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தபோது தோன்றிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சர்வர் அறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. வழிந்தால்தான் பார்ப்பார்கள், நின்றால்தான் பார்ப்பார்கள். கண்ணீரின் 2000 வருஷச் சரித்திரமும் ஏறக்குறைய அதுதான். வழிந்ததைப் பார்த்து ஆவி என்றார்கள், மூளை என்றார்கள், இதயம் என்றார்கள். நின்றதைப் பார்த்துக் கல்நெஞ்சம் என்றார்கள். நடுவில் ஒரு இளைஞன் ஆட்டுத் தலையில் குழாய்களை எண்ணி, வழிவதற்கு முன்னாலும் இது ஓடிக்கொண்டுதானே இருந்தது என்றான்.

ஸ்டெனோ பிறகு உடற்கூற்றியலை விட்டு நகர்ந்துவிட்டார். ஃபிளாரன்ஸில் ஒரு சுறாவின் தலையை அறுத்ததிலிருந்து புதைபடிவங்களுக்கும், அதிலிருந்து பாறை அடுக்குகளுக்கும் போனார். 1669இல் அவர் எழுதிய சிறு நூல் நிலவியலின் அடிப்படைகளில் ஒன்று. பிறகு கத்தோலிக்கராக மாறி, பாதிரியாராகி, ஆயருமாகி, 1686இல் தன் 48ஆவது வயதில் வடக்கு ஜெர்மனியில் வறுமையில் இறந்தார். கடைசி வருஷங்களில் அவர் வேலை துயரத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்திருப்பது. அவர்களுடைய கண்ணீர் எந்தச் சுரப்பியிலிருந்து, எத்தனை குழாய்கள் வழியாக வருகிறது என்று அன்று உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. தெரிந்திருந்ததால் அவர் எழுந்து போய்விடவில்லை.